பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஸ்பீக்கர் வாங்குவது எப்படி: படமும் பாட்டும் ஒரே அறையில்

செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சின்ன அறை. அதில் படமும் பார்க்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்? இந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை. எங்கள் வீட்டு மாடியறை பத்துக்குப் பன்னிரண்டு. பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கமெல்லாம் படுக்கையறைகள் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும். டிவியைச் சுவரில் மாட்டுவது, ஒயரை உரிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு அறைக்கு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதாவது அலமாரியில் வைக்கும் அளவுச் சின்னப் பெட்டி, ஒரு ஜோடி போதும். ஆளுயர டவரும் பன்னிரண்டு அங்குல சப்வூஃபரும் (அடி ஒலியை மட்டும் எழுப்பும் தனிப் பெட்டி) உள்ளே வந்தால் காசும் போகும், பாட்டும் கெடும்.

படி 1: கடைக்குப் போகும் முன் அறையை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 570-ஐ ஒவ்வொரு அளவாலும் வகுங்கள். பன்னிரண்டு அடிக்கு 47.5 வரும், பத்தடிக்கு 57. அந்த எண்தான் அந்தத் திசையில் உங்கள் அறை முதலில் முழங்கும் அதிர்வெண், ஹெர்ட்ஸ் கணக்கில். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,140 அடி ஓடுகிறது. அதில் பாதிதான் 570. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சரியாக அரை அலை பொருந்தினால் அந்த ஒலி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்று வீங்கும்.

நம் வீடுகளுக்கென்று இதில் ஒரு வம்பு இருக்கிறது. அறையின் அகலமும் பத்தடி, கூரையின் உயரமும் பத்தடி. இரண்டும் ஒரே 57-இல் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதனால்தான் சில பாட்டுகளில் பேஸ் கிட்டார் மற்ற ஸ்வரங்களில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'தும்ம்' என்று அறையையே நிறைக்கிறது. ஸ்பீக்கரைத் திட்ட வேண்டியதில்லை, கொத்தனாரையும் திட்ட வேண்டியதில்லை.

யூடியூபில் அமெரிக்க விமர்சனங்களைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். பேஸ் என்னும் அடி ஒலி வரும்போது அந்தச் சுவரே கொஞ்சம் அசைந்து கொடுத்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதையும் தின்னாது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். 'பேஸ் கொஞ்சம் குறைவு' என்று அவர்கள் குறை சொல்லும் ஸ்பீக்கர் இங்கே சரியாக இருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு பேஸ் என்றாலே கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடுக்கும் பாக்ஸ்கள்தான் நினைவுக்கு வரும். பொட்டல் வெளியில் பேஸ் நாலாபக்கமும் ஓடிவிடுகிறது. அதனால் அங்கே அத்தனை பெரிய பெட்டிகள் தேவைப்படுகின்றன. அந்த நெஞ்சதிர்வை அறைக்குள் எதிர்பார்த்துப் பெட்டியின் அளவைக் கூட்டாதீர்கள்.

அப்புறம், அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். மொசைக் தரை, பூசிய சுவர், உள்ளே ஒரு சாமானும் இல்லை என்றால் ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி இந்த அளவு அறையில் ஒலி அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். பாட்டு கேட்க அரை நொடிக்குள் அடங்க வேண்டும். இதற்கான மருந்தைப் படி 7-இல் சொல்கிறேன்.

படி 2: உட்காரும் இடம்

ஸ்பீக்கரை வைத்துவிட்டு நாற்காலிக்கு இடம் தேடாதீர்கள். நாற்காலிதான் முதலில். பின்சுவரோடு ஒட்டி திவானைப் போட்டால் பேஸ் எல்லாம் தலைக்குப் பின்னால் வந்து குவியும். சரியாக நடுவில், ஆறடியில் உட்கார்ந்தால் 47.5 ஹெர்ட்ஸ் காணாமலே போய்விடும். பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி உட்கார முடிந்தால் நல்லது. இடமில்லையா, இரண்டடியாவது தள்ளுங்கள். அந்த இரண்டடிக்கே பெரிய வித்தியாசம் தெரியும்.

படி 3: எத்தனை ஸ்பீக்கர்?

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 5.1 அமைப்பில் பக்கத்து ஸ்பீக்கர்கள் உங்களுக்குச் சற்றுப் பின்னால், முன்னோக்கிய திசையிலிருந்து 110 பாகை அளவில் இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அந்த இடத்தில் என்ன இருக்கும்? ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் பீரோ. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கோணலாக மாட்டுவதைவிட மாட்டாமல் இருப்பதே மேல்.

முன்னால் இரண்டு, வேண்டுமென்றால் பின்னாளில் ஒரு சப்வூஃபர். வசனம் தெளிவாகக் கேட்க நடு ஸ்பீக்கர் அவசியம் என்பார்கள். இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் அது இல்லாமலே குரல் திரையின் நடுவிலிருந்து வரும். வீட்டில் ஏழு பேர், ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துகொண்டு படம் பார்ப்பீர்கள் என்றால் நடு ஸ்பீக்கர் வாங்குங்கள்.

சவுண்ட்பார் வேண்டாமா என்று கேட்பீர்கள். படம் மட்டும்தான் என்றால் சரி. பாட்டுக்கு எனக்குப் பிடிக்காது. மூன்றடிக் கட்டைக்குள் இடமும் வலமும் எவ்வளவுதான் விலக முடியும்?

படி 4: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் நடந்த பேச்சு இது.

"இது எவ்வளவு வாட்ஸ் அண்ணாச்சி?"

"ரெண்டாயிரம் வாட்ஸ் சார். தெருவே அதிரும்."

"பின்னால ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது.

அந்த இரண்டாயிரம் பி.எம்.பி.ஓ. என்னும் உச்சக் கணக்கு. அதற்கு முறையான அளவுகோல் கிடையாது, வாய்க்கு வந்த எண்தான். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி, என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அது எங்குமே போடவில்லை என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வாட்ஸைவிட முக்கியமான எண் சென்ஸிட்டிவிட்டி. 86 டெசிபல் என்று போட்டிருந்தால், 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் நின்று கேட்டால் 86 டெசிபல் வரும் என்று பொருள். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் ஏழெட்டு டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். ஆக ஒரே ஒரு வாட்டில் 82, 83 டெசிபல். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டிய சத்தம் அது. வாட் இரட்டிக்கும்போதெல்லாம் மூன்று டெசிபல்தான் கூடும்: 2, 4, 8, 16. பதினாறு வாட்டிலேயே 95-ஐத் தொட்டுவிடுவீர்கள். இந்த அறைக்கு நாற்பது, ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபையருக்கு மேல் காசு போடுவது வீண்.

ஓம் 6 முதல் 8 வரை இருக்கட்டும். விலை குறைந்த ஆம்ப்ளிஃபையர்கள் 4 ஓமில் சூடேறித் திணறும்.

படி 5: எதை வாங்கலாம்

செலவு குறைய வேண்டும் என்றால் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர். எடிஃபையர் ஆர்1280டிபி நல்ல தொடக்கம்: ஆர்.எம்.எஸ். 42 வாட், ஒளி வழியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் இணைப்பு, புளூடூத் எல்லாம் உண்டு. சப்வூஃபரைப் பின்னாளில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் பெயரின் கடைசியில் எஸ் சேர்ந்த டிபிஎஸ் மாடலைப் பாருங்கள். அதில்தான் சப்வூஃபருக்கான வெளியீடு இருக்கிறது.

கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் ஆம்ப்ளிஃபையர் உள்ளே இல்லாத பாஸிவ் ஜோடியும், அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் அடங்கிய தனி ரிசீவரும். வார்ஃப்டேல் டயமண்ட் வரிசையும் க்யூ அகூஸ்டிக்ஸ் 3000 வரிசையும் என் விருப்பம். இரண்டுமே காதைக் குத்தாத ரகம், நம் எதிரொலிக்கும் அறைகளுக்கு அது தேவை. ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பளீரென்று ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் கடையில் அசத்தும், வீட்டில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். ரிசீவரில் டெனான் என்றால் ஆடிஸி, யமஹா என்றால் ஒய்.பி.ஏ.ஓ. என்று அறையை மைக் வைத்து அளந்து திருத்தும் வசதி இருக்கிறது. எனக்கு டெனான் பிடிக்கும், ஆனால் இதற்காகச் சண்டை போட மாட்டேன்.

ஒயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மல்டிஸ்ட்ராண்ட் ஒயர், எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது, இந்த அறைக்கு நிறைவாகவே போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரையும் ஸ்பீக்கர் ஒயர் என்று விற்கிறார்கள். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

படி 6: காது கொடுத்துக் கேட்பது

கடைக்காரர் போடும் டெமோ பாட்டில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பாட்டைக் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோவது காருகுறிச்சி அருணாசலம் வாசித்த பழைய நாதஸ்வரப் பதிவு ஒன்று. நம் சேரன்மகாதேவிப் பக்கத்து மனிதர் என்ற பாசம் ஒருபுறம், ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. நாதஸ்வரத்தின் ஒலியில் மேல் அதிர்வெண்கள் அடர்த்தியாக இருக்கும். மோசமான ட்வீட்டரில் அது கிறீச்சிடும், நல்லதில் நீளமாக, கெட்டியாக வரும். பின்னணியில் தவிலைக் கவனியுங்கள். வலந்தலையில் விரல்கூடு படும் 'ணங்' தனியாகவும், தொப்பியில் கழி விழும் 'தொம்' தனியாகவும் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே மொத்தையாக வந்தால் அடுத்த ஸ்பீக்கருக்குப் போங்கள்.

வில்லுப்பாட்டுப் பதிவு கையில் இருந்தால் அதுவும் நல்ல சோதனை. குடத்தின் முழக்கமும் வில்லின் மணிகளும் ஒரே நேரத்தில் வருவதால் கீழும் மேலும் ஒன்றாகத் தேறிவிடும். கடைசியாக யாராவது செய்தி வாசிப்பது. ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் அந்த ஸ்பீக்கரில் நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். ஒன்று சற்றே சத்தமாக இருந்தாலும் அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

படி 7: வைக்கும் இடம்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டு ஸ்பீக்கர்களையும் பத்தடிச் சுவர்ப் பக்கம் வைத்து, நீளவாக்கில் உங்களைப் பார்க்கச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். பின்புறம் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளுங்கள். மூலையில் மட்டும் திணிக்காதீர்கள்.

ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்காருபவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்றே கால் அடி. தரையில் பாய் விரித்து உட்காரும் வீடு என்றால் அதைவிடக் கீழே இறக்குங்கள், அல்லது ஸ்பீக்கரின் பின்பக்கம் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து முன்னே சாயுங்கள். ஸ்டாண்டுக்கு ஆன்லைனில் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டாம். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து வாங்கி உள்ளே மணலைக் கொட்டுங்கள். இதற்காகத் தாமிரபரணி மணலைத் தேடி அலைய வேண்டியதில்லை, எம்-சாண்ட் போதும். காய்ந்ததாக இருக்கட்டும்.

இனி சப்வூஃபர். இதை எங்கே வைப்பது என்று அறையையே கேட்டுவிடலாம். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாக முட்டிபோட்டுத் தரையோடு தலையைத் தாழ்த்தி நகர்ந்து வாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சில இடங்களில் பேஸ் குமுறும், சில இடங்களில் அடங்கிப்போகும், ஒன்றிரண்டு இடங்களில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். அந்த இடம்தான் சப்வூஃபருக்கு. எங்கள் அறையில் அது முன்பக்கத்துப் பத்தடிச் சுவரின் சரியான நடு. காரணம் இருக்கிறது: அகலவாக்கில் எழும் 57 ஹெர்ட்ஸ் அலையை நடுவிலிருந்து கிளப்ப முடியாது. மூலையில் வைத்தால் எல்லா அலைகளும் ஒன்றாகக் கிளம்பும்.

ஆனால் உயரவாக்கில் எழும் 57 அப்படியே இருக்கும். அதைக் கண்ணாமூச்சி ஆட்டம் போலப் பார்க்கலாம். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, ஃபோனை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து 57-இல் விடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அறை முழங்கும். மெதுவாக எழுந்திருங்கள். காது ஐந்தடி உயரத்துக்கு வரும்போது சத்தம் சட்டென்று வடிந்துவிடும். கூரைக்கும் தரைக்கும் நடுவே அந்த அலைக்கு அங்கே உயிர் இல்லை. நின்றுகொண்டே படம் பார்க்க முடியாது என்பதால் ரிசீவரில் அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் நாலைந்து டெசிபல் குறைத்துவிடலாம். வீங்கியதைக் குறைக்கத்தான் ஈக்வலைசர் உதவும். காணாமல் போன அதிர்வெண்ணை அதில் ஏற்றிக் கொண்டுவர முயன்றால் ஆம்ப்ளிஃபையர்தான் சூடாகும், காதுக்கு ஒன்றும் வராது.

அந்தச் செயலியை மூடுவதற்குள், 30-இலிருந்து 120 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் பீரோவின் கைப்பிடி கடகடக்கும். இன்னொரு இடத்தில் ஷோகேஸ் கண்ணாடி, வேறொரு இடத்தில் ஜன்னல் கொக்கி. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் புகார்களில் பாதி இதுதான். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு ஒவ்வொன்றிலும் செருகினால் முடிந்தது. பீரோவின் மேல் இருக்கும் பெட்டிகளையும் இறக்கிவிடுங்கள்.

சப்வூஃபரின் கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலியை அது ஏற்க வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, உட்காரும் இடத்தில் எதில் பேஸ் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். பாட்டு ஓடும்போது சப்வூஃபர் இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரு திருகு குறையுங்கள்.

எதிரொலிக்கு மருந்து: பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும், ஆனால் அவ்வளவு மெல்லிய பாய் ஒலியைக் குடிக்காது. இலவம்பஞ்சு மெத்தை குடிக்கும். நாலு அங்குல மெத்தை இரண்டை நிறுத்தி, பக்கச்சுவரில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே வையுங்கள். சரியான இடம் தெரிய, ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும், நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே மெத்தை. தரையில் தடித்த ஜமுக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி. இப்போது கை தட்டிப் பாருங்கள்.

படி 8: ஒயர் மாட்டுவதும் இரைச்சலும்

சிவப்பை சிவப்பில், கறுப்பை கறுப்பில். ஒன்று மாறினாலும் பேஸ் வற்றிவிடும், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். டிவியில் ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருந்தால் அதில் இணையுங்கள், இல்லையென்றால் ஆப்டிகல்.

எல்லாம் முடிந்த பிறகு 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறதா? செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள்காரர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கேபிளின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் சேர்ந்து ஒரு சுற்று உண்டாகிவிட்டது. டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும், அதில் மின்சாரமே ஓடாது. பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்லும் எலக்ட்ரீஷியன் பேச்சை மட்டும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

அம்பாசமுத்திரத்தில் பழைய கட்டு வீடு, பட்டாசலில் (கூடத்தில்) வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக வைக்கலாம். ஒரு பக்கம் தார்சாவுக்கும் (முன்கட்டுக்கும்) மறுபக்கம் இரண்டாம் கட்டுக்கும் திறந்திருக்கும் இடத்தில் 570 கணக்கு அந்தத் திசையில் செல்லாது. பேஸ் வெளியே ஓடிவிடும், அதனால் அங்கே பெரிய சப்வூஃபருக்கு நியாயம் உண்டு. ஓட்டுக்கூரையாக இருந்தால் கூரையில் பட்டுத் திரும்பும்படி ஒலியை மேலே அனுப்பும் ஆட்மாஸ் ஸ்பீக்கர்கள் வேண்டாம், அவற்றுக்குத் தட்டையான கூரை வேண்டும். சுழலும் ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா என்று பார்த்து வாங்குங்கள். ஃபோம் வளையம் ஈரக்காற்றில் சீக்கிரம் உதிரும். ஒயரின் நுனியை வருடத்துக்கு ஒரு தடவை வெட்டிப் புதிதாக உரியுங்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் சாரல் மாதங்களில் ஸ்பீக்கரை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்து ஊதிவிடும்.

கரண்ட் போனதும் ஆம்ப்ளிஃபையர் இரைகிறது என்றால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த இரைச்சல் வராது.

ஸ்பீக்கரின் பின்புற ஓட்டையில் பல்லி குடிபோவதும் குளவி மண்கூடு கட்டுவதும் எல்லா ஊரிலும் உண்டு. நைலான் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு மூடினால் காற்றும் தடைபடாது. ஸ்பாஞ்சையோ காலுறையையோ அடைத்தால் பேஸ் குறையும். சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் அதையே செய்துகொள்ளலாம், ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு காலுறை.